சடக்கு: ஒரு நெடுஞ்சாலையும் ஒரு சொல்லும்



நாம் இன்று கூடியிருக்கும் இந்த லிட்டில் இந்தியாவின் தெருக்களுக்கு இரண்டு வரிசைப் பெயர்கள் உண்டு. ஒரு வரிசை அரசின் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது: லெபு பாசார், லெபு பினாங், லெபு குவீன், லெபு சூலியா. மற்றொரு வரிசை எந்தப் பலகையிலும் ஏறாதது. மார்க்கெட் தெருவை நம் முன்னோர் கடைத்தெரு என்றனர். செட்டியார்களின் கிட்டங்கிகள் அணிவகுத்து நின்ற பினாங்கு தெருவைக் கிட்டங்கித் தெரு என்றனர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது; குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அந்தக் காலந்தொட்டே இந்தச் சில தெருக்களுக்குள் தமிழ்ச் சொல்லுக்குக் குறைவு இருந்ததில்லை. கொடுக்கவும் செய்தோம். நம் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆயிற்று. நம் 'கிடங்கு' மலாயில் 'கூடாங்' என நிலைபெற்று, அங்கிருந்து ஆங்கிலேயர் வாயில் 'கோடவுன்' ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர்.

ஆனால் இதே மக்கள் படகுத்துறைக்குச் சென்று, கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்திலோ பிறையிலோ இறங்கியதும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கே தொடங்கி நாடு முழுவதும் ஓடிய பெரிய வழியைச் சுட்ட அவர்கள் தெரு என்று சொல்லவில்லை, வழி என்றும் சொல்லவில்லை, 'சடக்கு' என்றனர். கடலுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் சடக்கு. சொந்தச் சொல்லை இவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தவர்கள் அக்கரையில் ஏன் ஒரு வேற்றுச்சொல்லை எடுத்துக்கொண்டனர்? அந்தச் சொல்லை நாம் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இவ்விரு வினாக்களே என் உரையின் பொருள்.

முதலில் அந்தச் சாலை. இன்று அதன் பெயர் கூட்டரசு சாலை 1. வடக்கே கெடாவின் புக்கிட் காயூ ஈத்தாமிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை மேற்குக் கரை மாநிலங்களை ஊடறுத்துச் செல்கிறது. பாடநூல்களைப் படிக்கும் மாணவர்களுக்கு, யாரோ ஒரு பொறியாளர் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதன்படி இச்சாலை போடப்பட்டது என்ற எண்ணம் இருக்கக்கூடும். நடந்தது வேறு. மலாயாவின் தொடக்ககாலப் பாதைகள் வடக்கு தெற்காக ஓடவில்லை. கிழக்கு மேற்காக ஓடின. ஈயம் கிடைத்த இடத்திலிருந்து கப்பல் நின்ற இடத்துக்கு ஒரு பாதை, அவ்வளவே தேவை. இருப்புப்பாதையும் அப்படித்தான். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயில் ஒரு சுரங்க நகரத்தை ஒரு துறைமுகத்தோடு சேர்த்தது. மறு ஆண்டு கோலாலம்பூரைக் கிள்ளானோடு சேர்த்த பாதையும், 1891இல் சிரம்பானைப் போர்ட் டிக்சனோடு சேர்த்ததும் அதே வகை. இவை சீப்பின் பற்கள் போலத் தனித்தனியே கடலை நோக்கி நின்றன. அவற்றைக் கோக்கும் முதுகுத்தண்டு பின்னால்தான் வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் கூட்டரசாயின. அதன்பின் ஒரு மாநிலத்தின் சாலையை அடுத்த மாநிலத்தின் சாலையோடு முடிந்து, துண்டு துண்டாகத் தைத்து உருவாக்கப்பட்டதே இந்த நெடுஞ்சாலை. ஜொகூர் நீரிணைமீது 1920களில் தரைப்பாலம் அமைந்தபோதுதான் அது தெற்கே சிங்கப்பூரை எட்டியது.

தைத்தவர் யார் என்பதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரை நம்பியே இயங்கின. கப்பலில் வந்து, ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டு, பின் பிறையில் கரையேறியவர்களுள் எல்லாரும் தோட்டத்துக்குச் செல்லவில்லை. ஒரு பகுதியினர் சடக்கு வேலைக்குச் சென்றனர். கல்லுடைத்தனர், கால்வாய் வெட்டினர், புல் செதுக்கினர், உருளை இழுத்தனர். தோட்டத் தொழிலாளியின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. நாவல்கள் இருக்கின்றன, நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் இருக்கின்றன. சடக்குத் தொழிலாளிக்கு அந்த அளவு நூல்கள் இல்லை. தோட்டத்துக்கு வேலியும் பெயரும் கோயிலும் உண்டு. சடக்குக்காரனுக்கு இருந்தது ஓரத்தில் ஒரு லயம் மட்டுமே. அந்த 'லயம்' என்ற சொல்லும், வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் உருமாறியதே.

இனி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் உள்ள நிபோங் திபால். நிபோங் என்பது ஒரு பனை வகை. திபால் என்றால் தடித்த, அடர்ந்த என்று பொருள். நம் ஊர்களுக்குப் பனையூர், பனங்காடு என்று பெயர் வைத்த மரபை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. கிழக்கிந்தியக் கம்பெனி கெடாவிடமிருந்து 1800இல் பெற்ற நிலப்பகுதி புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்டது. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின்போது அதன் தென் எல்லையும் திருத்தப்பட்டது. கிரியானுக்கு அப்பாலிருந்த ஒரு துண்டு நிலமும் புரோவின்ஸோடு சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் வாழும் 'டிரான்ஸ்கிரியான்' என்ற தோட்டப் பெயருக்குக் 'கிரியானுக்கு அப்பால்' என்பதே பொருள். ஓர் அரசியல் எல்லைக்கோடு ஒரு பள்ளிப் பிள்ளையின் சட்டைப்பையில் தைத்த முத்திரையில் வந்து அமர்ந்திருக்கிறது.

இவ்வட்டாரத்தின் முதல் பயிர் ரப்பர் அன்று, கரும்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கலிடோனியா, பைராம், பத்து காவான் போன்ற தோட்டங்களில் கரும்பு விளைந்தது. அதற்காக வந்த தமிழர்கள் இந்நாட்டில் தோட்டத் தொழிலாளராகக் குடியேறியோரின் முன்னணி வரிசையினர். ரப்பர் தோட்டங்கள் பெருகுமுன்பே இங்கே தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. கரும்புக் காலத்தில் இந்த ஊர்கள் தண்ணீரைப் பார்த்தே இருந்தன. கரும்பு கால்வாயில் மிதந்து ஆலைக்குச் சென்றது; சர்க்கரை ஆற்று முகத்துவாரத்திலிருந்து தொங்காங் படகுகளில் பினாங்குத் துறைக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக மாறின: கரும்பு போய் ரப்பர் வந்தது, ஆற்றைப் பார்த்த ஊர் சாலையையும் இருப்புப்பாதையையும் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் தொடர்ந்து ஓடியது. சாலையோரம் கடைவீடுகள் எழுந்தன. சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் என ஒரே சரத்தில் ஊர்கள் கோக்கப்பட்டன. இவற்றுள் சிம்பாங் அம்பாட்டைக் கவனியுங்கள். 'நாற்சந்தி' என்பதே அதன் பொருள். சாலை பெற்ற பிள்ளை அந்த ஊர்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இத்தோட்டங்களிலிருந்து பேருந்தேறிப் பட்டர்வொர்த்துக்கு வந்து, பெரி பிடித்து, இதே கடைத்தெருவில் துணியெடுத்துச் சென்ற தலைமுறையினர் சிலர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். லிட்டில் இந்தியாவின் கல்லாப்பெட்டிக்கு வந்து சேர்ந்த வெள்ளியில் ஒரு பங்கு அந்தச் சாலை வழியாக வந்ததுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

'சடக்கு' இந்துஸ்தானிச் சொல்லான 'சடக்' என்பதன் தமிழ் வடிவம். வடநாட்டில் ஷேர் ஷா சூரி 1540 முதல் 1545 வரையிலான தம் குறுகிய ஆட்சியில் செப்பனிட்ட பெருஞ்சாலை 'சடக்-எ-ஆசம்' என்ற பெயராலும் அறியப்படுகிறது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் அதனைக் 'கிராண்ட் டிரங்க் ரோடு' என்றனர். மரத்தின் அடிமரத்தைக் குறிக்கும் 'டிரங்க்' என்ற சொல்தான் மலாயாவின் நெடுஞ்சாலைக்கும் ஆங்கிலப் பெயராயிற்று. அதாவது, வங்கத்திலிருந்து வடமேற்கே செல்லும் அந்தச் சாலைக்கும் நிபோங் திபாலின் சாலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே குடும்பப் பெயர். நம் பேச்சுத் தமிழிலும் ஒரே குடும்பப் பெயர்.

வடக்கத்திச் சொல் எப்படிப் பினாங்கு எதிர்க்கரைத் தமிழனின் வாய்க்கு வந்தது? இதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, சென்னை மாகாணத்து ஆட்சிமொழி. சர்க்கார், தாசில்தார், கச்சேரி, தபால், ஜில்லா எனப் பாரசீக, அரபு, இந்துஸ்தானிச் சொற்கள் நிருவாகத்தின் வழியாகத் தமிழுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. வழியைக் குறிக்கும் 'ரஸ்தா'வும் அவற்றுள் ஒன்று. பட்டாளத்திலும் கட்டுமானப் பணியிலும் இந்துஸ்தானி ஒரு பொதுமொழியாக வழங்கியது. மற்றொரு வாயில், இந்த மண்ணுக்கே உரியது, அதிகம் பேசப்படாதது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்கம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணத்தவரும் அவர்களுள் இருந்தனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் தொடக்ககாலச் சாலைகள் பலவும் அவர்கள் உழைப்பில் உருவானவை. 1867இல் இக்குடியேற்றங்கள் நேரடியாகப் பிரிட்டிஷ் முடியாட்சியின்கீழ் வந்தன. 1873இல் கைதிகள் நிலையம் மூடப்பட்டது. இத்தனை ஆண்டுகளாகச் சாலை போடும் கும்பலுக்குள் வங்காளியும் இந்துஸ்தானியும் தமிழனும் ஒரே மண்வெட்டியைப் பிடித்திருந்தனர். இரண்டு வாயில்களும் திறந்தே இருந்தன என்பதும், ஊரில் அரைகுறையாகக் கேட்ட சொல் இங்கே பணிக்களத்தில் உறுதிப்பட்டது என்பதும் என் கருத்து. ஒரு சொல் தொழிலோடு சேர்ந்து வரும்போதுதான் அத்தனை ஆழமாக வேரூன்றுகிறது.

ஒலியமைப்பையும் சற்றுப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இது பயன்படும். இந்துஸ்தானிச் சொல்லின் நடுவிலுள்ள மெய் நாவை மடித்து வருடி எழுப்பும் ஒலி. உயிர்களுக்கிடையே நாம் டகரத்தை ஒலிக்கும் முறை அதற்கு மிக அணுக்கமானது. ஆகவே நடுவில் இடர்ப்பாடு இல்லை. இறுதியில் உண்டு. தமிழ்ச் சொல் ககர மெய்யில் முடியாது. எனவே 'புக்' என்பது 'புக்கு' ஆவது போல, மெய் இரட்டித்து உகரம் பெற்றுச் 'சடக்கு' ஆயிற்று. அழகான வன்றொடர்க் குற்றியலுகரம். சடக்கில், சடக்கை, சடக்குக்கு, சடக்கோரம் என்று எந்த உருபையும் எந்தச் சொல்லையும் தயக்கமின்றி ஏற்கிறது. 'ரோடு' என்ற சொல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது 'வீடு' என்ற சொல்லின் கட்சியில் சேர்ந்துகொண்டது: வீடு, வீட்டில், ரோடு, ரோட்டில். நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தின் டகரம் இரட்டிக்க வேண்டும் என்ற விதியைப் பள்ளிக்கூடம் போகாத ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லின்மீது பிழையின்றிச் செலுத்துகிறார். விதியைச் சூத்திரமாகக் கற்பிக்கத் திணறும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டை எடுத்தாளலாம்.

இலக்கணப் புலமை மிக்க ஒருவர் இங்கே எழுந்து, தொல்காப்பியத்தின்படி அகரத்தோடு கூடிய சகரம் மொழிக்கு முதலில் வராதே என்று கேட்கலாம். ஒரு பாடத்தின்படி அது உண்மை. ஆனால் அந்த விதியைக் கொண்டு சடக்கைத் தள்ளினால், சட்டியையும் சண்டையையும் சந்தையையும் உடன் தள்ள வேண்டிவரும். சட்டியில்லாமல் சமையல் இல்லை.

இனி, தமிழில் சொல் இல்லாமலா கடன் வாங்கினோம் என்ற வினா. சொல் இருந்தது. 'ஆறு' என்றால் வழி. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையின் பெயரே அதற்குச் சான்று. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தும், சுங்கம் கொள்ளும் பெருவழியும், அதனைக் காக்கும் வில்வீரரும் வருகின்றனர். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய வழியில், இராசகேசரிப் பெருவழி என்று சாலைக்குப் பெயர் கூறும் கல்வெட்டு தமிழ், வட்டெழுத்து ஆகிய இரண்டு எழுத்திலும் இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று தூரம் சொல்கிறது. அந்தக் கல்லில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. எண்ணை எழுத்தால் எழுதியதோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் இட்டிருக்கின்றனர். எழுதப்படிக்கத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவி 29 என்று அறிந்துகொள்ளலாம். நெடுஞ்சாலைத் துறைக்கு அன்றிருந்த அக்கறை.

இவ்வளவு இருந்தும் 'பெருவழி' 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளியின் நாவில் இல்லை. பெருவழிகளைப் பேணிய அரசுகள் போயின. அவற்றோடு அந்தச் சொல்லும் பேச்சிலிருந்து உதிர்ந்தது. 'தெரு' உயிரோடு இருந்தது; ஆனால் அது இரு மருங்கும் வீடுகள் உள்ள இடம். நிபோங் திபால் வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் முதியோர் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையாரிடம் தெருவுக்கும் சடக்குக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். "தெரு சாமி சுத்தி வர்றது ஐயா. சடக்கு எங்கேயோ போய்க்கிட்டே இருக்கும்" என்றார். நாற்பது ஆண்டுகளாகச் சொற்பொருளியல் கற்பித்த எனக்கு இதைவிடச் செறிவான வரையறை கிட்டியதில்லை. சுற்றி வந்து சேரும் இடம் தெரு. போய்க்கொண்டே இருப்பது சடக்கு. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் அந்தப் பக்கம் ஒரு சொல்லும் வழங்கியதன் காரணம் இதுதான்.

வரலாற்றை இந்தச் சொல் எப்படிச் சேமித்து வைத்திருக்கிறது என்பதையும் காணலாம். தொடக்கத்தில் அது வெறும் சடக்கு. செம்மண்ணும் கல்லும் இட்டு இறுக்கிய பரப்பு. மாட்டுவண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபின் அந்தப் பரப்பு பொடிந்தது, புழுதி எழுந்தது, தார் பூசவேண்டி வந்தது. அப்போது 'தார்ச் சடக்கு' பிறந்தது. அது பிறந்ததால்தான் பழையது 'செம்மண் சடக்கு' ஆயிற்று. எல்லாச் சாலையும் செம்மண்ணாக இருந்த காலத்தில் அந்த அடைமொழிக்குத் தேவையே இல்லை. இரண்டு அடைமொழிகளுக்குள் ஒரு தொழில்நுட்ப மாற்றம் பதிவாகியிருக்கிறது. அதேபோல், வடக்கு தெற்கு விரைவுச்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபின், கூட்டரசு சாலை 1 நம் மக்கள் பேச்சில் 'பழைய சடக்கு' ஆகிவிட்டது. சாலை அதே இடத்தில்தான் இருக்கிறது; அருகில் வந்த இளையதால் இதற்கு வயதாகிவிட்டது.

தூரத்தைக் குறிக்கும் சொல்லும் அப்படியே. தமிழகத்தில் மைலைக் 'கல்' என்றனர். 'பத்துக் கல் தொலைவு' என்று எழுதுவர். மலாய்க்காரர் 'பத்து' என்றனர். அதற்கும் கல் என்பதே பொருள். இங்குள்ள தமிழரோ, ஈழத்தவரைப் போலவே, 'கட்டை' என்றனர்: மூணாங்கட்டை, ஏழாங்கட்டை. ஓரத்தில் நட்டிருந்த குற்றியைச் சுட்டிய சொல் தூரத்தின் அளவாயிற்று. மெட்ரிக் முறை வந்து கிலோமீட்டர் கற்கள் நட்டபின்னரும் முதியோர் பேச்சில் கட்டை பிடுங்கப்படவில்லை.

அந்தச் சாலையின் வழியே துயரமும் வந்தது. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை, இதே நெடுஞ்சாலையில் சைக்கிள்களில் தெற்கு நோக்கி விரைந்தது. அம்மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஜார்ஜ்டவுன் குண்டுவீச்சுக்குள்ளானது. 19ஆம் நாள் பினாங்கு வீழ்ந்தது. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலை வழியாகவே பிரிட்டிஷ் காவல் வரிசையைப் பிளந்து சென்றன. சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. ஈயத்தையும் ரப்பரையும் விரைந்து கொண்டுசெல்லப் போட்ட வழி, எதிரியையும் அதே விரைவில் கொண்டுசென்றது. பின்னர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது, தோட்டத்தின் முகப்பில் சடக்கில் வந்து நின்ற லாரியைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கதையில் அந்த லாரி ஒருபோதும் 'சாலையில்' நிற்பதில்லை.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் கட்டுரைகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஒரு மாணவி, "என் பூட்டன் சடக்கு வேலை செய்தார்" என்று எழுதியிருந்தாள். 'சடக்கு வேலை' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'சாலைப் பணி' என்று திருத்தப்பட்டிருந்தது. ஆசிரியரின் நோக்கத்தை நான் குறை கூறமாட்டேன். நல்ல தமிழ் கற்பிக்க வேண்டும் என்ற அக்கறையே அது. ஆயினும் அந்தத் திருத்தம் தவறு என்றே கருதுகிறேன். சடக்கு வேலை என்பது ஒரு தொழிலின் பெயர். ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட கூலிக்கு, ஒரு குறிப்பிட்ட வகை லயத்தில் வாழ்ந்து செய்த வேலை. 'சாலைப் பணி' என்றதும் அந்தப் பூட்டன் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் வேண்டுமானாலும் வாழ்ந்த யாரோ ஒருவர் ஆகிவிடுகிறார்.

தூய்மை என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் இந்தத் திருத்தம் நிற்காது. 'சாலை' எங்கிருந்து வந்தது? வடமொழியின் 'சாலா' என்ற சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவோர் பலர். அது கூடம், கட்டடம் என்று பொருள்படும். பாடசாலை, சிறைச்சாலை, தொழிற்சாலை, உணவுச்சாலை ஆகிய எல்லாவற்றிலும் அந்தப் பழம்பொருள் இன்றும் இருக்கிறது; சிறைச்சாலை என்பது சிறைக்குப் போகும் வழியன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி அறிஞரிடையே எத்தனையோ கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது ஒரு வீதி என்று எவரும் சொன்னதில்லை. வழிப்போக்கர்க்கு உணவும் உறையுளும் தந்த அறச்சாலைகள் நின்ற வழி, நாளடைவில் தானே சாலை எனப்பட்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், மரங்களும் சத்திரங்களும் அமைத்துப் பேணிய வழியைத் தென்மாவட்டத்தார் இன்றும் மங்கம்மாள் சாலை என்பது இதற்குத் துணையாகும். ஆக, வழி என்ற பொருளில் 'சாலை'யும் தொல்பழஞ்சொல் அன்று. தகுதி பெற்ற ஒரு வந்தேறியைக் கொண்டு மற்றொரு வந்தேறியைத் துரத்துகிறோம்.

இலக்கணம் நம்மைவிடத் தாராளமானது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களையே அவர் திசைச்சொல் என்றார். நன்னூல் செய்த பவணந்தியார் அதனை விரித்து, தமிழல்லாத பிற நிலங்களிலிருந்து வந்த சொற்களையும் அதனுள் அடக்கினார். சடக்குக்கு அந்த வகையில் ஓர் இருக்கை எண்ணூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது.

அதற்காக, எல்லா இடத்திலும் சடக்கு என்றே எழுதுங்கள் என்று நான் கூறவில்லை. அறிக்கையிலும் விளக்கக் கட்டுரையிலும் 'சாலை'யே உரியது. உலகத் தமிழர் அனைவர்க்கும் புரிவது அதுவே. குடும்ப வரலாறு, நினைவுக் கட்டுரை, சிறுகதை, உரையாடல் ஆகியவற்றில் சடக்கு, கட்டை, லயம், கித்தா ஆகிய சொற்கள் வந்தால் சிவப்பு மையை மூடி வைத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உண்மையான போட்டி சாலைக்கும் சடக்குக்கும் இடையே இல்லை. இன்றைய நகரத்துப் பிள்ளை 'சடக்கு' என்றால் விழிக்கிறான். 'ரோட்' என்கிறான், பெயராக வந்தால் 'ஜாலான்' என்கிறான். நாம் சடக்கை அடித்து எழுதிய இடத்தில் சாலை வந்து அமரவில்லை. எழுத்தில் மட்டும் சாலை, பேச்சில் ஆங்கிலம் என்ற நிலையே வந்திருக்கிறது.

இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல பெருநிலப் பகுதியில், அந்தப் பழைய நெடுஞ்சாலைக்கு எட்டிய தொலைவில் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கலாம். வீட்டிலோ அண்டையிலோ உள்ள எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் ஐந்து வினாக்கள் கேட்க வேண்டும். வீட்டுக்கு முன்னிருந்த வழியை என்னவென்று அழைத்தீர்கள்? தோட்டத்துக்குள் ஓடிய வழிக்கும் வெளியே ஓடிய வழிக்கும் ஒரே பெயரா? தூரத்தை எதனால் அளந்தீர்கள்? சாலையைச் செப்பனிட்டவர்களை என்னவென்று குறிப்பிட்டீர்கள். அவர்களுடைய கருவிகளின் பெயர்கள் என்ன? பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் எதற்காக, எதில் வந்தீர்கள்? விடைகளை அவர்கள் சொன்னபடியே, 'ஐயா', 'ஏன்லா' எல்லாம் உட்பட, திருத்தாமல் எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யலாம்; முதலில் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கருவிகளின் பெயர்களைப் பற்றிய நான்காம் வினாவை விட்டுவிடாதீர்கள். சடக்கு வேலை செய்தவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். மண்வெட்டி, கூடை தவிர மற்றக் கருவிகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்கள் அவர்களோடு போய்விடும்.

பள்ளிகள் அவ்வாறு தொகுத்து அனுப்பினால், அவற்றை அகரவரிசைப்படுத்தி, ஒலிக்குறிப்பும் பொருளும் சேர்த்துத் தரும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவனுக்குக் காலத்துக்குக் குறைவில்லை. உங்கள் வினாக்களுக்கு இனி இடம் தருகிறேன்.